டெல்டாவின் வயல் இயந்திரப் பட்டறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவின் சிற்றூர்களில் உழவுக் கருவி செய்யும் பட்டறைகளைப் பற்றி இரண்டு தரப்பிலிருந்து கேள்விகள் வருகின்றன. ஊர் வரலாறு எழுதுபவர்கள் ஆண்டையும் ஆதாரத்தையும் கேட்கிறார்கள். விவசாயிகளும் புதிதாகப் பட்டறை வைப்பவர்களும் அளவையும் பழுதையும் கேட்கிறார்கள். இரண்டையும் இங்கே சேர்த்தே வைத்திருக்கிறோம். வயலின் சேறு எப்படிப்பட்டது என்று தெரியாமல், இந்தப் பட்டறைகள் ஏன் இதைச் செய்தன, அதை ஏன் செய்யவில்லை என்பது விளங்காது.

டெல்டாவில் டிராக்டர் தொழிற்சாலை இருந்ததா?

டிராக்டர் எப்போதும் வெளியிலிருந்துதான் வந்தது. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபேயின் மாஸி ஃபெர்குசன் டெல்டாவுக்கு நன்கு பழக்கமானது. பவர் டில்லர் பெங்களூரின் வி.எஸ்.டி.யிலிருந்தும், கேரளத்தில் அத்தாணியில் இருக்கும் காம்கோவிலிருந்தும் வந்தது. மகாராஷ்டிரத்தில் இரும்புக் கலப்பைத் தொழிற்சாலையைச் சுற்றி கிர்லோஸ்கர்வாடி என்று ஓர் ஊரே 1910-ல் உருவானது. அப்படி ஒரு வரலாற்றை மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ தேடினால் கிடைக்காது.

இங்கே வளர்ந்தது வேறு தொழில். வெளியூரில் செய்த இயந்திரம் இந்த மண்ணில் ஓடுவதற்கு என்னென்ன வேண்டுமோ, அவற்றை ஊர்ப் பட்டறைகள் செய்தன: சேற்றில் பிடிமானத்துக்காகச் சக்கரத்தில் மாட்டும் இரும்புக் கூண்டான கேஜ் வீல், சேற்றைச் சமப்படுத்தும் பரம்புச் சட்டம், வரப்பு ஏற்றும் சாய்வுப் பலகை, கதிரடிக்கும் டிரம், களை உருளை, டிரெய்லர். ஒரு லேத், ஒரு துளை போடும் இயந்திரம், இரண்டு வெல்டிங் செட், ஐந்தாறு ஆட்கள். அதைத்தான் ஊரில் கம்பெனி என்கிறார்கள். அளவில் சிறியது என்பதால் இதைத் தொழில் வரலாற்றிலிருந்து விட்டுவிடுவது பெரிய தவறு என்பது எங்கள் கருத்து.

இந்தப் பட்டறைகள் எதிலிருந்து தொடங்கின?

மூன்று வேர்கள் உண்டு. முதலாவது கொல்லர் உலை. கொழு அடிப்பது, அரிவாளுக்குப் பல் வெட்டுவது, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவது ஆகியவை அங்கேதான் நடந்தன. இரண்டாவது அரிசி மில். ஹல்லர், எண்ணெய் எஞ்சின், மேலே ஓடும் நீள ஷாஃப்ட், தோல் பெல்ட் என்று ஊருக்குள் வந்த முதல் சுழலும் இயந்திரங்கள் மில்லில்தான் இருந்தன. அவற்றைப் பழுது பார்த்தவர்கள் பிட்டர்களானார்கள். மூன்றாவது ரயில்வே. தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை நாகப்பட்டினத்தில் இருந்து, 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு மாறியது. கடைசல், வார்ப்பு, அச்சு செய்வது போன்ற வேலைகள் தெரிந்த ஒரு தலைமுறை அந்தப் பணிமனையில் பழகியது.

1934-ல் மேட்டூர் அணை வந்தபின், ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும் வழக்கம் உருவானது. நீர் வரும் நாள் தெரிந்துவிட்டால் வேலை முடிய வேண்டிய நாளும் தெரிந்துவிடும். இந்த நெருக்கடியே கருவிகளுக்கு வழி திறந்தது. 1960-61-ல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அதன் பிறகு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏடிடி 27 என்ற நெல், முதல் போகமான குறுவைப் பட்டத்தையே மாற்றியது. ஏறத்தாழ 105 நாளில் அறுவடைக்கு வரும் ரகம். அறுப்பு வடகிழக்குப் பருவமழையின் வாசலில் விழுந்தது. அறுத்த கையோடு அடுத்த போகமான தாளடிக்கு உழ வேண்டும், சேறடிக்க வேண்டும், நட வேண்டும். நடுவில் இருப்பது சில வாரங்கள். ஒரு ஜோடி மாடு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பல பட்டறைகள் கலப்பைப் பழுது பார்ப்பதிலிருந்து இயந்திரப் பாகம் செய்வதற்கு நகர்ந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

மழையில் நனைந்த குறுவை நெல்லைக் காப்பதற்கான ஆராய்ச்சியும் அப்போதுதான் சூடுபிடித்தது. திருவாரூரின் நவீன அரிசி ஆலையில் தொடங்கிய ஆய்வகம்தான் பிற்பாடு வளர்ந்து இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இருக்கிறது.

கூலிப் பிரச்சினைக்காகத்தான் இயந்திரம் வந்தது என்கிறார்களே?

அது பாதி உண்மை. 1948-ன் மாயவரம் ஒப்பந்தம், 1952-ன் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1969-ன் நியாயக் கூலிச் சட்டம் என்று கூலியும் உரிமையும் ஒவ்வொரு படியாகப் போராடிப் பெற்றவை. நெல் கூலி கேட்டு எழுந்த தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். சங்கம் வைத்தவர்களுக்கு வேலை தரக் கூடாது என்ற எண்ணத்தோடு இயந்திரத்தை விரும்பிய நிலவுடைமையாளர்கள் இருந்தார்கள் என்பதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது.

ஆனால் பட்ட இடைவெளி குறைந்தது, மாடுகள் குறைந்தன, இளைஞர்கள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். இவையும் சம அளவில் காரணம். இதில் அதிகம் இழந்தவர்கள் பெண்கள். நடவிலும் அறுவடையிலும் கிடைத்து வந்த கூலி நாட்கள்தான் முதலில் போயின. ஊர்ப் பட்டறை ஒன்றின் கதையை எழுதும்போது அதன் முதலாளியிடம் மட்டும் பேசாமல், அந்த ஊர் நடவாட்களிடமும் பேசுங்கள்.

சாதாரண டிராக்டர் டெல்டா வயலில் ஏன் தடுமாறுகிறது?

பழைய டெல்டாவின் மண் கனமான களி. தண்ணீர் நிறுத்தி உழும்போது டயரின் பள்ளங்களில் சேறு அடைத்துக்கொள்ளும். டயர் வழவழப்பான உருளையாகி இருந்த இடத்திலேயே சுற்றும். சுற்றச் சுற்ற, வயலுக்கு அடியில் இருக்கும் கெட்டித் தளத்தை உடைத்துக்கொண்டு இறங்கும். அந்தத் தளம் உடைந்த இடம் பல ஆண்டுகளுக்கு இயந்திரத்தைப் புதைக்கும், தண்ணீரையும் நிறுத்தாது.

கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் வரும் புது டெல்டாவில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம், மண் இளகலானது. அங்கே ஓடும் கேஜ் வீலை அப்படியே திருவாரூர்க் களிக்குக் கொண்டுவந்தால் ஒத்துவராது. பட்டறைக்காரர் முதலில் உங்கள் வயல் எந்த ஊர் என்று கேட்பது இதனால்தான்.

கேஜ் வீல் செய்யும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது என்பதால் விரிவாகச் சொல்கிறோம். டயரை வைத்துக்கொண்டே வெளிப்பக்கம் மாட்டுவது அரை கேஜ் வீல். டயரைக் கழற்றிவிட்டு மாட்டுவது முழு கேஜ் வீல். 35 குதிரைத்திறன் டிராக்டர்களுக்கு டெல்டாவில் பெரும்பாலும் அரை வீல்தான்.

விட்டம் முதலில். டயரைத் தரையில் நிறுத்தி, காற்று சரியாக வைத்து அளக்க வேண்டும். கேஜின் வெளிவிட்டம் டயரின் விட்டத்தைவிட இரண்டு அங்குலமாவது குறைவாக இருக்கட்டும். கெட்டித் தரையில் எடையை டயர் தாங்கும், சேற்றில் இறங்கியதும் கேஜ் பிடிக்கும். விட்டம் கூடிவிட்டால் வரப்பு ஏறும்போதெல்லாம் முழு எடையும் கேஜின் போல்ட்டுகளில் விழுந்து அவை அறுந்துபோகும்.

அடுத்தது வளையங்களுக்குக் குறுக்கே வைக்கும் எல் வடிவ இரும்புச் சட்டங்களான ஆங்கிள்களின் எண்ணிக்கை. 120 செ.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 377 செ.மீ. 12 ஆங்கிள் வைத்தால் இடைவெளி 31 செ.மீ., 16 வைத்தால் 23.5 செ.மீ. நெருக்கமாக வைத்தால் பிடிமானம் கூடும் என்று நினைத்து 18, 20 என்று வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டும் களியில் அது நேர் எதிராக வேலை செய்யும். இடைவெளியில் சேறு இறுகி, கேஜே ஒரு மண் உருளையாகிவிடும். களி நிலத்துக்கு 12, இளகிய நிலத்துக்கு 16 வரை போதும்.

வளையத்தைப் பட்டையில் வளைத்து, ஆங்கிள்களை எல்லாம் முதலில் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்துப் பிடிக்க வேண்டும். பிறகு ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிவிட்டு, ஒரு கம்பியை அசையாமல் ஓரத்தில் நிறுத்திப் பாருங்கள். கம்பிக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள சந்து எங்கும் ஒரே அளவாக இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே தட்டிச் சரிசெய்ய வேண்டும். முழு வெல்டிங் போட்டபின் சரிசெய்ய முடியாது. முழு வெல்டிங் போடும்போதும் ஒரே பக்கமாகப் போகக் கூடாது. ஒன்று போட்டால் அடுத்தது அதற்கு நேர் எதிரில். இல்லாவிட்டால் சூட்டில் வளையம் முறுக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் வெல்டிங் ராடு ஈரம் குடித்திருக்கும். அதனால் பற்றில் நுண்துளை விழும். வெயிலிலோ சூடான தகரத்திலோ உலர்த்திவிட்டுப் பயன்படுத்துங்கள்.

விரிசல் எப்போதும் ஆங்கிள் வளையத்தில் உட்காரும் மூலையில்தான் தொடங்கும். அங்கே சிறு முக்கோணத் தகடு ஒன்று வைத்துப் பற்றவைத்தால் ஒரு பட்டம் கூடுதலாக ஓடும். ஜோடியின் இரண்டு வீலும் ஒரே எடையாக இருக்கிறதா என்று எடை போட்டுப் பாருங்கள். பட்டையும் ஆங்கிளும் வேறு வேறு கடையில் வாங்கினால் எடை மாறும்.

கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் புதைந்தால்?

பின்னோக்கி எடுக்கப் பாருங்கள். எடுக்க முடியாவிட்டால் வேறொரு வண்டியை வைத்துக் கெட்டித் தரையிலிருந்து இழுக்க வேண்டும். பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னால் எடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். கட்டை மண்ணில் பிடித்ததும் சக்கரம் சுற்றாது. சக்கரத்துக்குப் பதில் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுநர் மேல் கவிழும். இது ஒரு நொடியில் நடந்து முடியும்.

தார்ச் சாலையில் கேஜ் வீலோடு போவது சட்டப்படி தவறு, சாலையும் கிழியும். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் வயலோரம் மாட்டுங்கள்.

ரோட்டவேட்டர் சேற்றில் சீக்கிரம் பழுதாவது ஏன்?

ரோட்டவேட்டர் என்பது டிராக்டருக்குப் பின்னால் சுழலும் பிளேடுகளால் மண்ணைக் குழைக்கும் கருவி. அது பழுதாவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

பிளேடு வகை ஒன்று. எல் வடிவம் புழுதி உழவுக்கு, ஜே வடிவம் சேற்றுக்கு. எல் பிளேடு சேற்றை வெட்டுவதைவிட அள்ளி அப்பிக்கொள்ளும், எஞ்சினுக்குச் சுமை கூடும். பிளேடு மாற்றும்போது பழையது இருந்த திசையைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். ஷாஃப்ட்டைச் சுற்றி அவை சுழல் வரிசையில் இருக்கும். அந்த வரிசை மாறினால் ஒரே நேரத்தில் பல பிளேடுகள் மண்ணைத் தொட்டு வண்டியே உதறும்.

இரண்டாவது ஆயில் சீல். ஓரத்தில் சுற்றிக்கொண்ட வைக்கோலும் நைலான் கயிறும் சீலை அறுத்துவிடும். பக்கப் பெட்டியின் ஆயில் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். அன்றைக்கே வடித்து, சீல் மாற்றி, எஸ்.ஏ.இ. 90 ஆயில் ஊற்ற வேண்டும். ஒரு நாள் தள்ளினால் பேரிங்கும் சேர்ந்து போகும்.

மூன்றாவது பி.டி.ஓ. வேகம், அதாவது எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டின் வேகம். நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு அமைத்த கருவியை அதற்கு மேல் ஓட்டி வேகமாக முடிக்கப் பார்ப்பது. சேறு நன்றாகக் குழையும் என்பது உண்மைதான். ஆனால் தேவைக்கு மேல் குழைந்த களி, நட்ட நாற்றைப் பிடிக்காது, காய்ந்தால் பாளமாக வெடிக்கும்.

கதிரடிக்கும் இயந்திரத்தின் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது?

நெல்லுக்கு டிரம்மின் வெளிவிளிம்பு நொடிக்கு 15 முதல் 20 மீட்டர் வேகத்தில் ஓடினால் போதும். 50 செ.மீ. விட்டமுள்ள டிரம்மின் சுற்றளவு 1.57 மீட்டர். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்கு 10 சுற்று, அதாவது 15.7 மீட்டர். எஞ்சின் 1500 சுற்று, அதன் புல்லி 5 அங்குலம் என்றால், டிரம் புல்லி 12.5 அங்குலம். 1500-ஐ 5-ஆல் பெருக்கி 12.5-ஆல் வகுத்தால் 600 வரும்.

டிரம்மில் சின்ன புல்லி மாட்டி வேகத்தைக் கூட்டினால் நெல் உடையும், உமி கழன்று அரிசியாகவே விழும். கொள்முதல் நிலையத்தில் அப்படிப்பட்ட நெல்லைத் தள்ளிவிடுவார்கள். வேகம் குறைந்தால் கதிரிலேயே மணி நிற்கும். குறுவை ஈரக் கதிரில் பெல்ட் நழுவி வேகம் தானாகக் குறையும். புல்லியை மாற்றுவதற்கு முன் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள்.

கதிர் ஊட்டும் தொட்டி 90 செ.மீ. நீளத்துக்குக் குறையக் கூடாது. அதில் டிரம்மை ஒட்டிய 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும். கை டிரம்மை எட்டாமல் தடுப்பது இந்த நீளம்தான். விசைக் கதிரடிப்பான்களில் கைகள் போன கொடுமையால்தான் 1983-ல் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. தகடு மிச்சம் என்று தொட்டியைக் குட்டையாக்கும் பட்டறையில் கருவி வாங்காதீர்கள்.

கோனோ வீடர் ஏன் பாதி வீடுகளில் பரணில் கிடக்கிறது?

கோனோ வீடர் என்பது கூம்பு உருளைகளை வரிசைகளுக்கு இடையே உருட்டிக் களையை அமுக்கும் கைக்கருவி. அது சும்மா கிடப்பதற்கு வரிசை பிசகிய நடவுதான் முதல் காரணம். ஒற்றை நாற்று நடவில் 22.5 அல்லது 25 செ.மீ. சதுரமாக நட்டால்தான் இரு பக்கமும் உருட்ட முடியும். வயலில் இரண்டு மூன்று செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் வற்றிய வயலில் தள்ளினால் கூம்புகளில் களி அப்பி, கருவி வழுக்கிக்கொண்டு போகும். நட்ட 10-ம் நாளில் தொடங்கி 10 நாளுக்கு ஒருமுறை உருட்ட வேண்டும். 20-ம் நாளில் முதன்முதலாகக் கையில் எடுத்தால் களை வேர் விட்டிருக்கும்.

கருவியில் அடிக்கடி தேய்வது கூம்பின் புஷ். சேற்று நீரில் கிரீஸ் நிற்காது. கைப்பிடியின் உயரத்தை மாற்றும் துளைகள் இல்லாத வீடரை வாங்காதீர்கள். களை எடுக்கும் பெண்களின் உயரத்துக்கு அது இறங்காவிட்டால் தோள்பட்டை போய்விடும்.

அறுவடை இயந்திரம் வந்தபின் பட்டறைகள் என்ன ஆயின?

கதிரடிக்கும் இயந்திரமும் தூற்றும் விசிறியும் செய்தவர்களுக்கு ஆர்டர் நின்றது. அறுவடைக் காலத்தில் ஆத்தூர், பெரம்பலூர் பக்கத்திலிருந்து வண்டிகள் வந்து இறங்குகின்றன. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, சேற்று வயலுக்கு பெல்ட் வண்டி. அவற்றுக்குப் பழுது பார்ப்பதுதான் இப்போது பட்டறைகளின் தை, மாசி வருமானம்: வெட்டுக் கத்தி மாற்றுவது, கதிர் ஏற்றும் செயினின் தகடு ஒட்டுவது, பெல்ட் உருளையின் பேரிங் மாற்றுவது. வண்டி வயலில் நின்றால் வாடகை மணிக்கணக்கில் போகும் என்பதால், இரவு பத்து மணிக்கும் லேத் ஓடும்.

பேரிங் வாங்கும்போது ஒரு சின்னக் கணக்கு உதவும். எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் ஷாஃப்ட் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 6205 என்றால் 25, 6206 என்றால் 30. 04-க்கு மேற்பட்ட எண்களுக்கு இது சரியாக வரும்.

மூடிக்கிடக்கும் ஒரு பட்டறையின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தொழிற்சாலைச் சட்டம் 1948 நடப்பில் இருந்த காலத்தில், மின்விசையோடு 10 பேருக்குக் குறைவான இடங்களைத் தொழிற்சாலையாகப் பதிவு செய்ததில்லை. அதனால் ஆய்வாளர் அலுவலகத்தில் தேடுவது பல நேரம் வீண். நகராட்சி அல்லது பஞ்சாயத்து உரிமம், மின் இணைப்பு அட்டை, 1978-க்குப் பிறகு மாவட்டத் தொழில் மையப் பதிவு ஆகியவை பயன்படும்.

எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி பழைய பில் புத்தகம். விலை அணாவில் இருந்தால் 1957-க்கு முன். நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரியில் மதராஸ் மாநிலம் என்று அச்சிட்டிருந்தால் 1969-க்கு முன்பு அடித்த புத்தகம். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். மயிலாடுதுறைக்கு மாயூரம் என்ற பெயர் 1982 வரை. நாகை மாவட்டம் என்றால் 1991-க்குப் பின், திருவாரூர் மாவட்டம் என்றால் 1997-க்குப் பின். ஆனால் அச்சடித்த புத்தகம் தீரும்வரை பழைய முகவரியே ஓடும். எனவே கையால் எழுதிய தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

கருவியிலேயே சாட்சி வேண்டுமென்றால் போல்ட்டின் மரையை எண்ணுங்கள். அரை அங்குல விட்வொர்த் மரையில் ஓர் அங்குலத்துக்கு 12 புரி. கிட்டத்தட்ட அதே பருமனுள்ள, மெட்ரிக் மரை வெட்டிய எம் 12 போல்ட்டில் 14-க்கும் 15-க்கும் இடையே வரும். மெட்ரிக் முறை 1958-ல் தொடங்கினாலும் பட்டறைகள் விட்வொர்த் மரையை அதற்குப் பிறகும் நெடுங்காலம் வெட்டின. ஆகவே மெட்ரிக் மரை இருந்தால் புதியது என்று சொல்லலாம். விட்வொர்த் இருந்தால் பழையது என்று உறுதி சொல்ல முடியாது. கூரைக்குக் கீழே நீள ஷாஃப்ட் தாங்கிய இரும்புக் கொண்டிகள் சுவரில் இன்னும் இருந்தால் கட்டாயம் படமெடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனி மோட்டார் வருவதற்கு முன், ஒரே எஞ்சினில் எல்லா இயந்திரமும் ஓடிய காலத்தின் தடம் அது.

ஊர்ப் பட்டறைக் கருவிக்கு மானியம் கிடைக்குமா?

அரசு அங்கீகரித்த பரிசோதனை மையத்தின் அறிக்கை இருந்தால்தான் கருவி மானியப் பட்டியலில் ஏறும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலும் ஆந்திரத்தின் கார்லதின்னேயிலும் மத்திய அரசின் மையங்கள் உள்ளன. கருவியை அனுப்பி, கட்டணம் கட்டி, காத்திருப்பது சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாத வேலை. நல்ல கருவி செய்பவர்கள் பட்டியலுக்கு வெளியே நிற்பதற்கு இதுதான் காரணம், இது மாற வேண்டும். பட்டியலில் உள்ள கருவிகளுக்கு விவரம் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கிடைக்கும்.

கேஜ் வீல் ஆர்டரை எப்போது கொடுப்பது?

சித்திரைக்குள். மேட்டூர் திறக்கும் செய்தி வந்தபின் போனால் வைகாசி முழுக்க வரிசையில் நிற்க வேண்டும், அவசரத்தில் பற்றவைத்த வீல்தான் கிடைக்கும். பழைய வீலுக்குப் பழுது பார்ப்பதென்றால் தாளடி நடவு முடிந்ததுமே கழுவிக் காயவைத்து, விரிசல் விழுந்த மூலைகளைச் சாக்பீஸால் குறித்துப் பட்டறையில் போட்டுவிடுங்கள். சேறு ஒட்டிய வீலை வாங்கி வைக்க மாட்டார்கள். சேற்றுக்கு அடியில் விரிசல் தெரியாது.